கரைக்குள் கிடந்த கூழாங்கல்

வறண்டு போன காட்டாற்றின் கரையில் ஒரு நண்டும், ஓர் உடும்பும், ஓர் எலியும் குடியிருந்தன. எலி ஐந்து குட்டிகள் போட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

அது மழை பொய்த்த வருடம். ஈரம் தேடி நண்டு கரையின் உச்சியிலிருந்து கீழே தோண்டிக்கொண்டே போனது. அடியில் நீர் கசிந்தது. ஆனால் நண்டு ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தது!

“எலியக்கா! குட்டிகளைத் தூக்கிக்கிட்டு மேட்டுப் பாறைக்குப் போயிடுங்க!”

“ஏன் தம்பி, பாம்பா?”

“பாம்பில்லக்கா, வெள்ளம்! என் குழிய வந்து பாருங்க. அடியில இலை மாதிரி மெல்லிசா வண்டல். அதுக்கு மேல விரக்கடை கனத்துல பொடிமணல். அப்புறம் சாண் கனத்துல பருமணல். எல்லாத்துக்கும் மேல முழம் கனத்துல கூழாங்கல்!”

“கல்லுக்கா பயப்படுற?” உடும்பு சிரித்தது.

“ஒவ்வொண்ணும் ஒரு வெள்ளம் போட்டுட்டுப் போனதுண்ணே! சின்னத் தண்ணி வண்டலத்தான் கொண்டுவரும். கல்ல உருட்டிக்கிட்டு வர எவ்வளவு வேகம் வேணும்? ஒவ்வொரு தடவையும் பெருசாயிட்டே வந்திருக்கு. அடுத்தது எப்ப, எப்படி வருமோ!”

“குடிக்கத் தண்ணி இல்ல, இவனுக்கு வெள்ளமாம்! பயந்தாங்கொள்ளி! அந்தக் கல்லுதான்டா என் வளைக்குக் கூரை. எவ்வளவு கெட்டி தெரியுமா?”

யாரை நம்புவதென்று எலிக்குத் தெரியவில்லை. குழிக்குள் தலையை விட்டுப் பார்த்தது. தன் குட்டிகளைவிடப் பெரிய கற்கள் நெருக்கமாகப் பதிந்திருந்தன. இத்தனையையும் தண்ணீரா தூக்கி வந்தது? அது உடனே குட்டிகளிடம் ஓடியது.

நண்டு முன்னால் போய்ப் பாறையில் ஏறிக்கொண்டது. எலி ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு ஓடியது. நான்கு முறை போய்வந்தது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. உடும்பு வெயிலில் நீட்டிப் படுத்துக்கொண்டு கேலி செய்தது.

ஐந்தாவது குட்டியைக் கவ்வியபோது தரை அதிர்ந்தது. மேலே மலையில் எங்கேயோ கொட்டிய மழை! கல்லோடு கல் மோதும் சத்தம் நெருங்கி வந்தது.

“அண்ணே, ஓடிவாங்க!” பாறையிலிருந்து நண்டு கத்தியது.

“என் கூரை தாங்கும்!” என்று உடும்பு வளைக்குள் புகுந்துகொண்டது.

எலி பாறையில் கால் வைத்ததுதான் தாமதம், வெள்ளம் கரையை மூடிவிட்டது.

மூன்றாம் நாள் நீர் வடிந்தது. உடும்பின் வளை இருந்த இடத்தில் பானை அளவுக் கற்கள் குவிந்து கிடந்தன. நண்டு இறங்கி அளந்து பார்த்தது. இரண்டு முழம் கனம்!

“அண்ணே...” என்று கூப்பிட்டுப் பார்த்தது. ஒரு கல்கூட அசையவில்லை.

எலி குட்டிகளை இறுக அணைத்துக்கொண்டது. “இன்னும் மேல போயிடலாம் தம்பி” என்றது.

காரணம் அறிந்து பயப்படுபவன் கோழை அல்ல. கண்ணெதிரே இருக்கும் அடையாளத்தைப் பாராமல் அவனைக் கேலி செய்பவனே அழிந்துபோவான்.