வெட்டுவாயில் சாணி

ஐப்பசி பிறந்துவிட்டால் அஞ்சலையம்மாவிடம் யாரும் ஞானம் கேட்டுப் போகக் கூடாது. போனால் கையில் மண்வெட்டிதான் கிடைக்கும். அடைமழை வருவதற்குள் வாழைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், வடிகால் வெட்ட வேண்டும், அவரைப் பந்தலை இறுக்கிக் கட்ட வேண்டும், முருங்கையைக் கழிக்க வேண்டும். "கேள்வி எங்கயும் ஓடிப் போயிடாது. மழை நமக்காக நிக்குமா?" என்பாள்.

ஏரிக்கரையை ஒட்டி அவளுக்கு ஓர் ஓட்டு வீடும், பின்னால் கொஞ்சம் தோட்டமும் இருந்தன. அவள் காவி கட்டியதில்லை. யாருக்கும் விபூதி கொடுத்ததில்லை. வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் அதிகம். அவளுக்குச் சீடராக வந்து சேர்ந்த சிவக்கொழுந்துக்கோ எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். கண்டிப்புக்குப் பேர் போனவர். "மகள் வயசுக்காரிகிட்ட போய் மேஸ்திரி பாடம் கேக்கறாரே" என்று ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மனைவி போன பிறகு அவரால் தன் வீட்டில் இருக்க முடியவில்லை. இந்தத் தோட்டத்தில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அதனால் வந்தார்.

அன்று காலை அவர் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். அஞ்சலையம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பெரியவரே, ராத்திரி தூங்கலையா?"

"மருமக வந்திருந்தாம்மா."

அஞ்சலையம்மா வாளியைக் கீழே வைத்தாள். சிவக்கொழுந்துக்கு ஒரே மகன், தணிகாசலம். பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போனவன். தூர தேசத்துக்கு ஒன்றும் போய்விடவில்லை, பக்கத்து ஊர்தான். ஆனாலும் அப்பனும் மகனும் அதன் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. தாய் இறந்தபோது சுடுகாட்டுக்கு நேராக வந்தான், கொள்ளி வைத்தான், அப்பாவின் பக்கம் திரும்பாமலே போய்விட்டான். இது அவளுக்குத் தெரியும்.

"என்ன சொன்னா?"

"அவனுக்கு ஈரல் கெட்டுப்போச்சாம். குடி. ஆஸ்பத்திரியில இனிமே வீட்லயே வெச்சுப் பாத்துக்குங்கன்னு அனுப்பிட்டாங்களாம். கார்த்திகையப் பாக்க மாட்டான்னு சொல்லி அழறா. படுத்த படுக்கையாக் கெடந்து முதுகெல்லாம் புண்ணாம். 'அவர் உங்களைக் கூப்பிடலை மாமா, நானாத்தான் வந்தேன். ஒரு தடவை வந்துட்டுப் போங்க'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காலைல வரேன்னேன்."

அஞ்சலையம்மா கிழக்கே பார்த்தாள். மேகத்துக்குப் பின்னால் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

"இதுதான் காலை."

சிவக்கொழுந்து சுவரோரம் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

"வடிகாலை முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடறேம்மா. நீங்க ஒண்டியா என்ன பண்ணுவீங்க?"

அவர் வருவதற்கு முன்னால் அத்தனை வருஷமும் அவள் ஒண்டியாகத்தான் பண்ணிக்கொண்டிருந்தாள். ஆனாலும், "வெட்டுங்க" என்றாள்.

வடிகால் வெட்டினார். கீரைப் பாத்தியில் தண்ணீர் தங்காமல் ஏரிப்பக்கம் இறங்கும்படி, ஆலையில் களம் பார்த்த கண்ணோடு வாட்டம் பார்த்து வெட்டினார். முடிந்ததும் தானாகவே வாழைப் பக்கம் போனார். குலை தள்ளிய மரங்களுக்குக் கவைக்கொம்பு நட்டு முட்டுக் கொடுத்தார். பிறகு அவரைப் பந்தல். தொய்ந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி இறுக்கினார். இறுகியிருந்த கயிற்றையும் அவிழ்த்து மறுபடி இறுக்கினார். அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவருக்குப் பயம். வேறொன்றுமில்லை. ஆலையில் ஆட்கள் பயந்து நடுங்கிய மனுஷன், சாகக் கிடக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பயந்துபோய் ஒரு பெண்பிள்ளையின் தோட்டத்தில் வேலை தேடிக்கொண்டிருந்தார்.

"வேற என்னம்மா இருக்கு?"

"முருங்கை இருக்கு."

சிவக்கொழுந்து அதைத்தான் கடைசிவரை பார்க்காமல் இருந்தார். கிணற்றடியில் தலைக்குமேல் வளர்ந்து நின்றது மரம். காற்று ஒரு தள்ளு தள்ளினால் பாதி மரம் முறிந்து ஓட்டின்மேல் விழும்.

"போன வருஷமும் மரத்தை விட்டுட்டு மத்த வேலையெல்லாம் பாத்தீங்க. அதுக்கு முந்தின வருஷமும். ஏன்?" என்று கேட்டாள்.

"எங்கப்பா ஒரு பழமொழி சொல்வாரும்மா. முருங்கையை ஒடிச்சு வளர், பிள்ளையை அடிச்சு வளர்."

"எல்லா ஊர்லயும் சொல்றதுதான்."

"எல்லாரும் சொல்லிட்டு விட்டுட்டாங்க. நான் செஞ்சேன்."

அவள் அரிவாளை அவரிடம் நீட்டினாள். "மார்பளவு விட்டுட்டுக் கழிச்சுடுங்க. மேகம் எறங்குது."

அவர் வெட்டினார். முருங்கைக்கு வலுவே கிடையாது. ஓங்கிய கைக்கு முன்னால் அது தானாகவே விழுவதுபோல் விழுந்தது. இலையும் பூவும் பிஞ்சுமாகக் கிளைகள் கிணற்றடியை மூடின. ஒவ்வொன்று விழும்போதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் அரிவாளைத் துடைத்து வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் கை கழுவப் போனார்.

"வெட்டிப் போட்டுட்டுப் போனா எப்படி பெரியவரே?"

அவள் கையில் கொட்டாங்கச்சி இருந்தது. அதில் செம்மண்ணும் சாணியும் பிசைந்து வைத்திருந்தாள். முருங்கையைக் கழித்தால் வெட்டுவாயில் சாணி வைப்பார்கள். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிக் கிளை அழுகிவிடும்.

"அதை நீங்க வெச்சுடுங்கம்மா."

"நானா வெட்டினேன்?"

அவர் திரும்பி வந்தார். கொட்டாங்கச்சியை வாங்கிக்கொண்டார். ஓர் உருண்டை எடுத்து முதல் வெட்டின்மேல் வைத்து, விரலால் சுற்றிலும் வழித்துவிட்டார். இரண்டாவது வெட்டு. மூன்றாவதற்கு வந்தபோது அவராகவே பேச ஆரம்பித்தார்.

"ராத்திரி பூரா கூத்துப் பாத்துட்டு விடிஞ்சு வந்தான். உத்தரத்துல புளிய விளார் எப்பவும் சொருகி இருக்கும். முதுகுத்தோல் பிரிஞ்சுடுச்சு. அவங்கம்மா கிண்ணத்துல தேங்கா எண்ணெய் சூடு பண்ணி எடுத்துட்டு ஓடி வந்தா."

"தடவினாங்களா?"

"விடலை. கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். எண்ணெய் தடவினா அடி பலிக்காதுன்னேன்."

அஞ்சலையம்மா விழுந்து கிடந்த கிளைகளிலிருந்து கீரையை உருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு மறுபடி உருவினாள்.

"அன்னிக்குச் சாயங்காலம் போயிட்டான். சட்டை முதுகோட ஒட்டியிருந்தது. தெரு முனை வரைக்கும் அந்த முதுகைப் பாத்துட்டு நின்னேன். கூப்பிடலை. ஊர்ல எல்லாரும் சொன்னாங்க, மேஸ்திரின்னா மேஸ்திரிதான்னு."

கிணற்று விளிம்பில் தவளை ஒன்று கத்த ஆரம்பித்தது. அவர் அடுத்த உருண்டையை எடுத்தார்.

"வெட்டுவாயில சாணி வைக்கணும்னு எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும்மா. தெரிஞ்சிருந்தும்..." அவரால் முடிக்க முடியவில்லை. அந்த மனுஷன் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அவள் தடுக்கவில்லை.

அழுது ஓய்ந்தபின் மரத்தின் மறுபக்கம் போனார். அங்கே ஒரு பழைய வெட்டு இருந்தது. கறுத்துப் போய், நடுவில் பொந்து விழுந்து, எறும்பு போய் வந்துகொண்டிருந்தது. விரலை வைத்தார். விரல் முழுவதும் உள்ளே போனது. ஈரமும் தூளுமாக வெளியே வந்தது.

"இதை யாரும்மா வெட்டினது?"

"நான்தான். அந்த வருஷம் காய்ச்சல். வெட்டினேன், போய்ப் படுத்துட்டேன். மறந்துபோச்சு."

"இதுக்கு இப்ப சாணி வெச்சா துளிர்க்குமா?"

"துளிர்க்காது."

"பொழைக்கவாவது பொழைக்குமா?"

"அந்தக் கிளை பொழைக்காது பெரியவரே."

"அப்புறம் எதுக்கும்மா வைக்கிறது?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"மழை வருதில்ல?"

சிவக்கொழுந்து வெகுநேரம் அந்தப் பொந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொட்டாங்கச்சியில் மீதமிருந்த எல்லாவற்றையும் வழித்து அதை அடைத்தார். எறும்பு விரலில் ஏறிக் கடித்தது. உதறவில்லை.

கை கழுவிக்கொண்டு வந்து கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தார். இனிச் செய்வதற்குத் தோட்டத்தில் ஒரு வேலையும் மிச்சமில்லை.

"போனா நான் என்னம்மா சொல்லுவேன்?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"மன்னிப்பானா?"

"மாட்டான்னே வெச்சுக்கிட்டுப் போங்க."

அவர் தலை தொங்கிவிட்டது. அவள் எழுந்து உள்ளே போனாள். அடுப்பு ஊதும் சத்தம் கேட்டது. ஏரிக்கு அந்தப் பக்கம் மழை பெய்யத் தொடங்கிவிட்டது. இந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு சின்னத் தூக்கு இருந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. தூக்கைத் துணியால் சுற்றி அவர் மடியில் வைத்தாள்.

சிவக்கொழுந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சூடு துணி வழியாகத் தெரிந்தது. எழுந்தார். வேலியோரப் படல்வரை போனவர் நின்றுவிட்டார்.

"அம்மா, என்னைப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அந்தப் பக்கமாப் படுத்துட்டான்னா?"

"படுக்கட்டும் பெரியவரே" என்றாள் அஞ்சலையம்மா. "முதுகுலதானே தடவணும்?"