காலிப் புற்றில் ஒரு சூளை

குளக்கரையில் ஒரு பெரிய கறையான் புற்று இருந்தது. அதற்குள் ஒரு பொந்தில் உடும்பு ஒன்று முட்டைகளை இட்டது. பொந்தின் வாயை ஈரமண்ணால் மூடிப் பூசிவிட்டு, இரை தேடப் போனது.

அந்த நேரம் பார்த்துத்தான் கரடிக்குச் சூளை வைக்க வேண்டியிருந்தது. குளம் வற்றுவதற்குள் தண்ணீர் பிடித்து வைக்க அது பானைகள் செய்து காயப் போட்டிருந்தது. சுடாத பானையில் தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடுமே!

"கல்லு சுமக்கணும், மண்ணு குழைக்கணும், சுவர் எழுப்பணும்..." என்று கரடி பெருமூச்சு விட்டது.

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிறீங்களே அண்ணே!" என்றது நரி. "அதோ, புற்று இருக்கே! கீழே விறகு வைக்க ஒரு வாய் வெட்டுங்க. உச்சியில புகை போக ஒரு ஓட்டை போடுங்க. சூளை தயார்!"

நோகாமல் நுங்கு தின்பதென்றால் நரிக்குக் கொள்ளை ஆசை. கரடிக்கும் அந்த யோசனை இனித்தது.

"உள்ளே யாராவது இருந்தா?"

"கேட்டுட்டாப் போச்சு!" நரி புற்றில் வாயை வைத்துக் கத்தியது. "உள்ளே யாரு? இருந்தா சொல்லுங்க!"

முட்டைகள் என்ன பதில் சொல்லும்?

"பாத்தீங்களா? ஆளே இல்லை!"

"இருக்காது, இருக்காது! அதுல இருந்த கறையானையெல்லாம் நானே தின்னு தீர்த்துட்டேனே!" என்று கரடி வயிற்றைத் தடவிக்கொண்டது. தான் காலி செய்த வீட்டுக்கு வேறு யாரும் குடிவர மாட்டார்கள் என்று அதற்கு அப்படியொரு நம்பிக்கை!

இரண்டும் சேர்ந்து வாய் வெட்டின. விறகைக் குவித்தன. ஆடு மேய்ப்பவர்கள் விட்டுப்போன நெருப்பிலிருந்து நரி ஒரு கொள்ளிக்கட்டையைக் கவ்வி வந்து விறகுக்குப் பக்கத்தில் போட்டது.

"பொறு தம்பி. சுவர்ல ஈரம் இருந்தா பானை வெடிச்சிடும். தடவிப் பாக்குறேன்."

"ஈரமாவது ஒண்ணாவது! கொள்ளி அணையுது, சீக்கிரம்!"

கரடி கையை உள்ளே விட்டுத் தடவியது. சுவரெல்லாம் சொரசொரவென்று காய்ந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் கை குளிர்ந்தது. வழவழப்பாகப் பூசிய மண்! பானை செய்கிற கைக்கு அது தெரியாதா?

"இது கறையான் கட்டினது இல்லையே! ஆள் இல்லாத வீட்டுக்கு யாரு பூச்சு வேலை பாத்தது?"

நகத்தால் மெல்லச் சுரண்டியது. மண் உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாய் முட்டைகள்!

கரடி சட்டென்று கையை வெளியே இழுத்தது. "அணைடா! கொள்ளியை அணை!"

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு மண்ணை அள்ளிப் போட்டது.

அப்போதுதான் உடும்பு வந்தது. விறகையும் புகையையும் கண்டதும், "ஐயோ, என் பிள்ளைங்க!" என்று அலறிக்கொண்டு பாய்ந்தது. முட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தது. ஒன்றுக்கும் சேதமில்லை. "அப்பாடா!" என்று அப்படியே தரையில் சாய்ந்தது. கரடிக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

"கூப்பிட்டுத்தானே பார்த்தோம்? பதிலே வரலையே!" என்று நரி முனகியது.

"முட்டை எப்படிடா பேசும்?" என்று சீறியது உடும்பு.

கரடி, "தப்புதான் தாயே!" என்று சொல்லி, பொந்தைத் தன் கையாலேயே பூசிக் கொடுத்தது. பிறகு மேட்டில் புதிதாகச் சூளை கட்டியது. கல் சுமந்தது யார் தெரியுமா? நரியேதான்!

பானைகள் நன்றாக வெந்தன. குஞ்சுகள் பொரிந்து வெளியே வந்த அன்று, கரடி ஒரு பானைத் தண்ணீரைப் புற்றின் வாசலில் கொண்டுபோய் வைத்தது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து குடிப்பதைப் பார்த்த பிறகுதான் அதன் மனம் ஆறியது.

பதில் வரவில்லை என்பதற்காக, அங்கே உயிரே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.