நிழலுக்கு மூடாத சிப்பி

ஒரு விடுகதை. வெளிச்சம் வந்தால் கதவு திறக்கும். நிழல் விழுந்தால் சாத்திக்கொள்ளும். உள்ளே சமையல் நடக்கும். அடுப்பும் இல்லை, விறகும் இல்லை. குடியிருப்பவர்கள்தாம் வீட்டுக்காரிக்குச் சோறு போடுவார்கள். அது என்ன?

விடை தெரிந்தவர்கள் சொல்லாதீர்கள். மற்றவர்கள் கதையைக் கேட்கட்டும்.

சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதன் நடுவே ஒரு பாறை. பாறையின் உச்சியில், விளக்குக்கு நேர் கீழே, மயிலி என்ற சிப்பி வாழ்ந்தது. ஓட்டைத் திறந்து சதையை மடிப்பு மடிப்பாக விரித்தால் நீலமும் பச்சையும் மினுங்கும். அந்தச் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் ஆயிரமாயிரமாய்க் குடியிருந்தன. அவை வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைத்தன. தாங்கள் உண்டது போக மிச்சத்தை மயிலிக்குக் கொடுத்தன.

மயிலி வருமுன் அந்த உச்சி மஞ்சள்வாலன் என்ற மீனிடம் இருந்தது. மீன் மோதிப் பார்த்தது; இடித்துப் பார்த்தது. மயிலி அசையவில்லை. அடியிலிருந்து மெல்லிய நூல்களை விட்டுப் பாறையோடு தன்னைக் கட்டியிருந்தது. பிடுங்கினால் நூல் அறும். நூல் அறுந்தால் உயிர் போகலாம்.

மீன் வேறு வழி தேடியது.

“மயிலி அக்கா! உங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது!”

“ஏன் தம்பி?”

“அந்த ஜன்னல் திரையைப் பாருங்கள்! போன வருஷம் கருநீலம். இப்போது? வெளுத்துச் சாம்பலாகிவிட்டது! வெளிச்சம் சாயத்தைத் தின்னும் அக்கா. இவ்வளவு அழகையும் இப்படிக் காயப் போடலாமா?”

மயிலியின் சதையோரம் நூற்றுக்கணக்கான சின்னக் கண்கள் உண்டு. அத்தனை கண்ணாலும் திரையைப் பார்த்தது. வெளுத்துத்தான் இருந்தது.

மயிலி ஓட்டை மூடிக்கொண்டது.

ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் உள்ளே முனகல் கேட்டது.

“அக்கா, கதவைத் திற! உலை வைத்து மூன்று நாளாயிற்று!” என்றன பாசிகள்.

“பொறுங்கள்! திறந்தால் என் நிறம் போய்விடும்!”

“யார் சொன்னது? நாங்கள் செத்தால்தான் நீ வெளுப்பாய்! நீ என்ன ஜன்னல் திரையா?”

மயிலியின் வயிற்றைப் பசி கிள்ளியது.

அப்போது ஓட்டின் மேல் யாரோ தட்டினார்கள். பழைய சங்கை முதுகில் இழுத்துத் திரியும் சங்கு நண்டு.

“உள்ளே ஆள் இருக்கிறதா? மஞ்சள்வாலன் கீழே இருட்டுக் குகையில் உனக்கு இடம் பெருக்குகிறான்! போன மாதம் சுருங்கிப்போன பவளத்தைத் தொட்டிக்காரப் பாப்பா அங்கேதானே வைத்தாள்? உன்னையும் வைப்பாளாம். உச்சி அவனுக்காம்! பவளம் எங்கே என்று கேட்காதே. எலும்புக்கூடுதான் மிச்சம்!”

மயிலிக்கு எல்லாம் விளங்கியது. உடனே தொட்டிக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. தொட்டிக்குச் சொந்தக்காரி, பத்து வயது நறுமுகை.

“அப்பா, சிப்பி மூடியே கிடக்கு. வெளிச்சம் கூடிப்போச்சு போல. கீழ குகைக்குள்ள வச்சிரட்டா?”

“உன் சிப்பி. நீயே பார்த்து முடிவு பண்ணும்மா” என்றார் அப்பா, அடுப்படியில் வெங்காயம் நறுக்கியபடி.

நறுமுகையின் கை நீருக்குள் இறங்கியது. அதன் நிழல் மயிலியின் மேல் விழுந்தது.

நிழல் விழுந்தால் மூடுவது சிப்பியின் பிறவிக் குணம். இன்று மூடினால் குகைதான். மயிலி மெல்லத் திறந்தது. ஒரு விரற்கடை. இரண்டு விரற்கடை.

மஞ்சள்வாலன் பதறிப்போய் அதன் தலைக்கு மேலே வட்டமடித்து இன்னும் நிழல் விழச் செய்தது. “மூடுங்கள் அக்கா! கை நசுக்கிவிடும்!”

“நசுக்கட்டும்! மூடமாட்டேன்!”

ஒவ்வொரு கண்ணும் ‘மூடு, மூடு’ என்றது. மயிலி பல்லில்லாத வாயால் பல்லைக் கடித்துக்கொண்டு சதை முழுவதையும் விரித்தது. உள்ளே பாசிகள், “அப்படித்தான் அக்கா! உலை வைத்தாயிற்று!” என்று கூவின.

பாறைக்கு ஒரு சாண் மேலே கை நின்றது.

யாரோ பயமுறுத்தினார்கள் என்பதற்காக, நமக்குச் சோறு போடும் கதவை நாமே சாத்திக்கொள்ளக் கூடாது.

நறுமுகை கையை வெளியே எடுத்தாள். சிப்பியை இருந்த இடத்திலேயே விட்டாள்.