ஆத்தூர்ப் பாலம்

"டீச்சர், கிளிப் பெடலா, சாதா பெடலா? ஷூவா, செருப்பா? ஒரு முடிவு சொல்லுங்க. எனக்குத் தூக்கமே போச்சு."

கேட்டவர் சுடலைமுத்து, மில்லில் ரிட்டயர் ஆனவர். எஸ்தருக்கு அவர் மகள் வயசு. தூத்துக்குடியில் சைக்கிளில் ஊர் சுற்றுகிற கூட்டத்துக்கு அவள்தான் குரு. யார் என்ன கேட்டாலும் நேராகப் பதில் சொல்ல மாட்டாள், அது ஒரு வியாதி.

சுடலைமுத்துவுக்குக் கன்னியாகுமரி போகணும். கல்யாணமான புதுசில் பேச்சியம்மாளைக் கேரியரில் உட்காரவைத்து மிதித்த அதே ரோடு. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த ரோட்டில் இன்னொரு தடவை அவளோடு இருந்துவிட்டு வரணும், அவ்வளவுதான் ஆசை. முட்டிதான் பயமுறுத்துகிறது.

எஸ்தர் அவர் சைக்கிளில் கிளிப் பெடலைப் பூட்டினாள். அதற்கான ஷூவையும் கொடுத்தாள். ஷூவுக்கு அடியில் இருக்கிற கொக்கி பெடலில் டக்கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலைத் திருகினால்தான் கால் வெளியே வரும்.

"திருச்செந்தூர் வரைக்கும் போய்ட்டு வாங்க அண்ணாச்சி."

போனார், வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"என்னா வேகம் டீச்சர். முட்டி ஒரு வார்த்தை பேசல."

"எங்கயாவது எறங்குனியளா?"

"எங்க எறங்க? கொக்கிய எடுக்க மறந்து விழுந்துட்டா மானம் போயிரும்லா. ஒரே மிதி."

"ஆத்தூர்ப் பாலம் வந்துச்சா?"

"வந்திருக்கும்."

எஸ்தர் டீயை ஆற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அக்காவோட போனப்ப?"

"அப்பவா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தப் பாலத்துல எறங்கியே ஆகணும்னு நின்னா. ஆத்துல காலை நனைச்சா. மேல ஏறும்போது செருப்பு வார் அறுந்துபோச்சு. என் செருப்பைக் குடுத்தேன். அது அவளுக்குப் படகு மாதிரி. அதைப் போட்டுக்கிட்டு டப்பு டப்புன்னு நடந்தா, அவளுக்கே சிரிப்பு தாங்கல. நான் வெறுங்காலோடதான் மிதிச்சேன். அந்தப் பெடல் கட்டை இன்னும் உள்ளங்கால்ல..."

டீயை அவர் தொடவே இல்லை.

"பாலத்தைப் பாக்காமயே வந்துட்டேனே டீச்சர்."



அவர் குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"என் பழைய பெடல் எங்க?"