கஜவீர பூபதியின் இடைவார்

செழும்பாடி ராஜா கஜவீர பூபதிக்குத் தொப்பை இருந்தது. இதை நான் இவ்வளவு தைரியமாகச் சொல்லக் காரணம், நான் அந்த ஊர்க்காரன் இல்லை. அந்த நாட்டில் இருந்தவர்கள் யாரும் வாயைத் திறக்க முடியாது. மன்னருக்குத் தொப்பை உண்டு என்று சொன்னாலோ, வயிறு என்ற பேச்சை எடுத்தாலோ சிறை. அர்ச்சகர்கூடப் பிள்ளையாரை "நடுவில் கொஞ்சம் தாராளமானவரே" என்றுதான் வாழ்த்துவார். பாவம், வேறென்ன செய்வார்?

அந்த அரண்மனைக்குப் புதிதாக வந்த கொல்லர் மாடக்கண்ணு ஆசாரி, மன்னருக்கு ஒரு இடைவார் செய்துகொண்டு வந்தார். முழுக்க இரும்புப் பட்டை. ஒரு முனையில் வரிசையாகப் பற்கள், மறு முனையில் ஒரு கொண்டி. இழுத்தால் 'டக்' என்று ஒரு பல் ஏறும். கொண்டியைத் தூக்கினால்தான் விடும்.

அன்றைக்கு அரண்மனையில் பெரிய விருந்து. மன்னர் ஆசையோடு வாரைக் கட்டினார். பிரதானி நல்லமங்கலம் ஓடிவந்து முனையைப் பிடித்துக்கொண்டார். முகத்துதி செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"முடிசூடிய நாளில் இருந்த அதே இடுப்பு, மன்னா. இதோ, இன்னும் ஒரு பல் ஏறும்."

டக்.

"ஆஹா, கொடி மாதிரி இடை. இன்னும் ஒன்று."

டக். டக்.

மன்னருக்குப் பெருமை தாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சும் தாங்கவில்லை. முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. இலையில் நெய் மணக்கும் பொங்கல் காத்திருக்கிறது, ஒரு கவளம் இறங்க இடமில்லை.

"கழற்று" என்றார் மன்னர், கீச்சுக் குரலில்.

ஆசாரி கொண்டியைத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. இரண்டு சேவகர்கள் நெம்பினார்கள். ம்ஹூம். வெட்டலாம் என்றால், வாரோடு மன்னரையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும்.

பிரதானி சட்டென்று கட்சி மாறினார். "எல்லாம் இந்த ஆசாரியின் சதி, மன்னா. கோளாறான வாரைக் கட்டிவிட்டான்."

"விருந்து முடிவதற்குள் இது கழல வேண்டும்" என்று மன்னர் மூச்சுவாங்கினார். "இல்லையென்றால் அவன் ஆயுள் முழுக்கப் பாதாளச் சிறையில் கிடக்கட்டும்."

தூண் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஆசாரியிடம் வேம்பையன் வந்தான். அவையில் வாய்ச் சாமர்த்தியத்துக்குப் பேர்போனவன்.

"ஏன் ஐயா, வாரில் நிஜமாகவே கோளாறா?"

"வார் தங்கமாக இருக்கிறது, தம்பி. உள்ளேயிருந்து தள்ளுவதால் கொண்டி பல்லில் இறுகிக் கிடக்கிறது. மன்னர் ஒரே ஒரு நொடி வயிற்றை எக்கினால் போதும், சுண்டுவிரலால் எடுத்துவிடுவேன். ஆனால் எக்குங்கள் என்று எப்படிச் சொல்வது? சொன்னாலும் சிறை, சொல்லாவிட்டாலும் சிறை."

"சொல்லவே வேண்டாம். நீங்கள் கொண்டியில் கையை வைத்துக்கொண்டு நில்லுங்கள்."

வேம்பையன் வாசல் வரை போய்விட்டு அவசர அவசரமாகத் திரும்பி வந்தான்.

"மன்னா, வாசலில் ஓர் ஓவியர் நிற்கிறார். பக்கத்து நாட்டு ராணியார் தங்கள் படம் வேண்டுமென்று அனுப்பி வைத்தாராம். நின்ற கோலத்தில் வரைய வேண்டுமாம்."

"அப்படியா?" மன்னர் எழுந்து நின்றார்.

"அதுவும் பக்கவாட்டில்."

அவ்வளவுதான். மன்னரின் மார்பு முன்னே வந்தது, தோள் உயர்ந்தது, அதுவரை இல்லாத அந்த வஸ்து இருந்த இடம் தெரியாமல் உள்ளே போனது. ஆசாரி சுண்டுவிரலால் கொண்டியைத் தூக்கினார். மன்னர் மூச்சை விட, வார் பறந்து போய்ப் பிரதானியின் தலைப்பாகையைத் தட்டிவிட்டு விழுந்தது.

மன்னர் ஆனந்தமாக ஒரு கவளம் பொங்கல் சாப்பிட்டார். பிறகு கேட்டார்: "ஓவியர் எங்கே?"

"ஓவியர் யாரும் வரவில்லை, மன்னா. பொய்தான் சொன்னேன்."

பிரதானி தலைப்பாகையைப் பொறுக்கிக்கொண்டே துள்ளினார். "மன்னரிடமே பொய்யா? இவனையும் உள்ளே தள்ளுங்கள், மன்னா."

"தாராளமாகப் போகிறேன்" என்றான் வேம்பையன். "ஆனால் நான் சொன்னது இன்றைக்கு ஒரு பொய். இந்த அவை வருஷக்கணக்காக ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறதே, அதற்கு யாரை உள்ளே தள்ளுவது? மன்னர் நேராக நின்று குனியாமல் தம் கால் கட்டைவிரலைப் பார்க்கட்டும். அது தெரிந்தால் எனக்குச் சிறை."

மன்னர் நேராக நின்று கீழே பார்த்தார். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். கடைசியில் கவலையோடு நிமிர்ந்தார்.

"பிரதானி, எனக்குக் கால் இருக்கிறதா?"

"பேஷாக இருக்கிறது, மன்னா. கீழேதான் இருக்கிறது."

"பிறகு ஏன் எனக்குத் தெரியவில்லை? நடுவில் மறைத்துக்கொண்டு நிற்பது எது?"

பிரதானி திருதிருவென்று விழித்தார். உண்மையைச் சொன்னால் சிறை. ஒன்றும் மறைக்கவில்லை என்றால் மன்னருக்குக் கண் தெரியவில்லை என்று ஆகிவிடும்.

"நான்தான், மன்னா. மன்னித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு, இரண்டடி ஒதுங்கி நின்றார்.

மன்னர் மறுபடி கீழே பார்த்தார். அப்போதும் கால் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மன்னர் சிரித்த சிரிப்பில் அவருடைய தொப்பை குலுங்கியதை அவை முழுக்கப் பார்த்தது. தண்டனையும் சட்டமும் அங்கேயே ரத்தாகின. ஆசாரிக்கும் வேம்பையனுக்கும் மன்னரின் பக்கத்திலேயே இலை போட்டார்கள். பிரதானி மட்டும் உட்காரவில்லை. விருந்து முடியும் வரை, மன்னருக்குக் கால் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று ஒதுங்கிக்கொண்டே இருந்தார்.