கெவிக்குக் கணவாய் என்று பெயர் வைத்த கதை

அந்தக் காலத்தில் மந்தியும் பேசும், மலைப்பிளவும் பேசும். ஒரு சொல்லை நம்பிக் காலெடுத்து வைத்த காலம் அது. மலைச்சனங்கள் ஒவ்வொரு பிளவுக்கும் யோசித்துத்தான் பெயர் வைத்திருந்தார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு மறுபக்கம் போய்ச் சேரலாம் என்றால் அது கணவாய். சுமையை இறக்கிவிட்டு ஒருக்களித்துத்தான் நுழைய முடியும் என்றால் இடுக்கு. விதைத்து அறுக்க இடம் இருந்தால் பள்ளத்தாக்கு. உள்ளே போனது திரும்பாது என்றால் கெவி. வழி கேட்கிறவருக்கு அந்த ஒரு சொல் போதும். பிள்ளையோடு போகலாமா வேண்டாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கருந்தலை மலையில் ஒரு கெவி இருந்தது. யாரும் தன்னை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று அதற்கு மனக்குறை. ஒருநாள் ஊர்த்தலைவர் இருளப்ப மூப்பனைக் கூப்பிட்டது.

"என்னையும் கணவாய்னு சொல்லுங்க. என் பாறையில தொங்குற தேனடை அத்தனையும் உங்களுக்கே."

மூப்பன் ஊரைக் கூட்டினார். "ஒரு சொல்லுதானே. சொன்னா வாய் வெந்துடுமா? உள்ள போகக் கூடாதுன்னு நமக்குத்தான் தெரியுமே."

ஊர் தலையாட்டியது. அந்த வருஷம் தேன் இல்லாத வீடு இல்லை.

காராயி அந்த ஊருக்கு மருமகளாக வந்தது அதற்கு அப்புறம். மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண். பெயர் மாறிய சங்கதியை அவளிடம் யாரும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, சொல்லத் தோன்றவில்லை.

ஐப்பசியில் அவளுடைய தலைப்பிள்ளை காத்தானுக்குக் காய்ச்சல் கண்டது. பல்கூட முளைக்காத பிள்ளை. பால் குடிக்கவில்லை. உச்சிக்குழி உள்வாங்கிப் போயிருந்தது. காராயி அதன்மேல் விரலை வைத்துத் துடிக்கிறதா துடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். விரலை எடுத்தால் நின்றுவிடுமோ என்று பயம். புருஷன் கிழங்கு தோண்டக் காட்டுக்குள் போயிருந்தான். அவளுடைய தாய்வீட்டுப் பக்கம் மருந்துக்காரி ஒருத்தி உண்டு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூப்பன் வீட்டுக்கு ஓடினாள். மூப்பன் அவளுக்கு மாமனாரின் அண்ணன்.

"பெரிய மாமா, மலைக்கு அந்தண்டை கொண்டுபோகணும். மேட்டு வழியில சுத்திப் போனா பிள்ளை தாங்காது. கீழே ஒரு பிளவு தெரியுதே, அது என்ன?"

தேன் கலயத்தின் வாயில் துணியால் வேடு கட்டிக்கொண்டிருந்த மூப்பன் மனைவியின் கை நின்றது.

"கணவாய்," என்றார் மூப்பன்.

"மேட்டு வழியாவே போயேன்டி," என்றாள் மனைவி.

"ஏன் அத்தை?"

மூப்பன் இருமினார். அவள் வேடுத் துணியை இழுத்துக் கட்டினாள். "சும்மாதான். மேல காத்து நல்லாருக்கும்."

கணவாய் என்றால் காராயிக்குத் தெரியாதா? அவள் அப்பன் வருஷா வருஷம் கணவாய் வழியாகத்தானே சந்தைக்கு மாடு ஓட்டினான்? பிள்ளையைத் தூளிச் சேலையில் மாரோடு கட்டிக்கொண்டு இறங்கினாள்.

பிளவின் வாசலில் கருமந்தி ஒன்று உட்கார்ந்திருந்தது. "இதுக்குள்ள நாங்களே போறதில்ல, தாயி."

"கணவாய்னு எங்க மாமா சொல்லிட்டாரு. அதை விட்டுட்டு உன் பேச்சைக் கேட்டா ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டுமே. சிரிச்சு யாரும் செத்ததில்ல."

அவள் நிற்கவில்லை. போகப் போகப் பாறைகள் நெருங்கின. வானம் நூலாகி, பிறகு அந்த நூலும் கறுத்தது. மலைத்தலையில் மழை. எங்கேயோ தண்ணீர் உருட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. முன்னால் வெறும் பாறை. ஏற வழியில்லை.

"நீ கணவாய்தானே? வழி விடு. பிள்ளைக்காரி நான்," என்று மன்றாடினாள்.

"பேரைத்தான் மாத்தினாங்க," என்றது கெவி. அதன் குரலில் வருத்தம்கூட இருந்தது. "வயித்தை யாரு மாத்தினா?"

வெள்ளம் வந்தது. பாறையை இறுகப் பிடித்திருந்த அவள் கை விடவில்லை. சேலை முடிச்சு விட்டுவிட்டது.

தண்ணீர் வடிந்தபின் தவழ்ந்து வெளியே வந்தாள். வாசலில் ஊரே நின்றது.

"விதி, தாயி," என்றார் மூப்பன்.

"அந்த விதிக்குக் கணவாய்னு பேரு வச்சது யாரு மாமா?"

ஊர் கலைந்து போனது. வீட்டுக்குப் போய் ஒருவரும் தேன் கலயத்தைக் கவிழ்க்கவில்லை.

பிள்ளை போனது அவள் மாருக்குத் தெரியவில்லை. பால் கட்டி வலித்தது. கெவியின் வாசலுக்குத் திரும்பிப் போய், அந்தப் பாலைக் கல்லின்மேல் பீய்ச்சினாள். தாய்ப்பால் சிந்திச் சொன்ன சொல் அந்தக் காலத்தில் கல்லிலும் ஏறும்.

"பொய்ப் பேருக்கு ஆசைப்பட்ட வாய்க்கு இனி சொந்தமா ஒரு சொல் வேண்டாம். அவங்கவங்க சொல்றதையே சொல்லிக்கிட்டுக் கிட."

கெவி ஏதோ சொல்ல வாயெடுத்தது. "கிட... கிட..." என்பதுதான் வந்தது.

"காத்தா," என்று கூப்பிட்டுப் பார்த்தாள். "காத்தா," என்றது. பிறகு அவள் கூப்பிடவில்லை.

அந்தச் சாபம் மலை முழுக்கப் பரவியது. அன்று முதல்தான் மலைப்பிளவுகளுக்குச் சொந்தப் பேச்சு இல்லாமல் எதிரொலி மட்டும் மிஞ்சியது. பிள்ளையோடு போகிற பெண்கள் கெவியின் வாசலில் பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொல்லாததும் அன்று முதல்தான். வழி எப்படி என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. கெவி என்றால் கெவி என்னும். கணவாய் என்று கூப்பிடுகிறவர்களுக்கு இன்றைக்கும் அது கணவாய் என்றுதான் பதில் சொல்கிறது.