ராஜாவின் எடையும் மாடக்கண்ணுவின் காலும்

முன்னொரு காலத்தில் மருதங்குடி என்கிற நாட்டை மகிபால பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். காலையில் ஒருவனுக்கு மாலை போடுவார், மத்தியானம் அவன் தலையை வாங்கச் சொல்வார். அவரிடம் பன்னிரண்டு வருஷமாக மந்திரி உத்தியோகம் பார்த்துத் தலையைக் காப்பாற்றிக்கொண்டவர் திருமேனியார். கெட்டிக்காரர் என்று நாடே சொல்லும். அதைக் கேட்க அவருக்கும் கொஞ்சம் பிடிக்கும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ராஜாவின் பிறந்தநாளன்று ஆற்றங்கரைக் கோயிலில் அவரைத் துலாக்கோலில் உட்காரவைத்து, எடைக்கு எடை அரிசி நிறுத்து ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். திருமேனியார் மந்திரியான வருஷம் பஞ்சம். அப்போது ராஜா ஒல்லிக்குச்சி. ஒரு மூட்டை அரிசியிலேயே தட்டு சமமாகிவிட்டது. ஜனங்கள் வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்து மந்திரி ஒரு வழி யோசித்தார். மெல்ல ராஜாவின் காதில் போட்டார்: "பக்கத்து நாட்டு ராஜா இரண்டு மூட்டை நிற்கிறாராம், மகாராஜா. நம்மை அரை ராஜா என்று கேலி பேசுகிறார்களாம்."

அவ்வளவுதான். அன்று உட்கார்ந்த ராஜா இலையை விட்டு எழுந்திருக்கவில்லை. நெய்யும் அதிரசமும் பாயசமுமாகப் பன்னிரண்டு வருஷம். ராஜா மூன்று மூட்டைக்கு வந்துவிட்டார். ஏழைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள், மந்திரியின் மூளையை ஊரே மெச்சியது. அந்த மூன்று மூட்டையை அரண்மனையிலிருந்து கோயில் வரைக்கும் யார் சுமக்கிறார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பல்லக்குக்குப் பின்னாலேயே வருஷா வருஷம் நடந்துபோன திருமேனியாரும் கேட்கவில்லை.

இந்த வருஷம் பாதி வழியில் பல்லக்கு சாய்ந்தது. கிரீடம் உருண்டு சேற்றில் விழுந்தது. முன்னால் தூக்கிய மாடக்கண்ணு வலது காலை ஊன்ற முடியாமல் மடங்கி உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் சபையில் அவனை நிறுத்தினார்கள். அரண்மனை மேற்பார்வை பார்க்கும் உத்தண்டராயர் எழுந்தார். மந்திரி நாற்காலியின் மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவர்.

"மகாராஜா, பல்லக்குக் கொம்பு அழுத்துவது தோளை. இவனுக்குப் புண் வந்திருப்பதோ உள்ளங்காலில். தோளில் வைத்த பாரம் காலில் எப்படிப் புண்ணாகும்? வேலைக்கு டிமிக்கி கொடுக்க இவனே கத்தியால் கீறிக்கொண்டிருக்கிறான்."

சபை சிரித்தது. "அப்படியானால் அந்தக் காலையே எடுத்துவிடுங்கள்" என்றார் ராஜா.

"புண்ணைச் செய்தது வேறொருவராக இருந்தால்?" என்று கேட்டார் திருமேனியார்.

"யாராக இருந்தாலும் சரி" என்று முந்திக்கொண்டார் உத்தண்டராயர், "ஆயுசு முழுக்க வெறுங்காலோடு கோயிலுக்கு நடக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

மந்திரி குயவரிடம் சொல்லிப் பிசைந்த களிமண்ணைச் சபை நடுவில் பரப்பினார். "ராயர் கொஞ்சம் இதில் நிற்க வேண்டும்."

உத்தண்டராயர் நின்றார். இரண்டு பாதமும் லேசாகப் பதிந்தன. "இனி நடங்கள்." நடந்தார். தடம் இன்னும் ஆழமாக விழுந்தது.

"நிற்கும்போது இரண்டு காலும் உடம்பைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, மகாராஜா. நடக்கையில் ஒரு கால் அந்தரத்தில் இருக்கிறது. மொத்த உடம்பையும் மற்றது தாங்க வேண்டும். முதலில் குதிகால் வாங்குகிறது, அப்புறம் விரல்களுக்குக் கீழே உள்ள மேடு."

பிறகு ராயரின் தோளில் ஓர் அரிசி மூட்டையை ஏற்றினார்கள். நாலாவது அடியில் குதிகால் புதைந்து, ராயர் மூட்டையோடு களிமண்ணில் உட்கார்ந்தார். ராஜாதான் முதலில் சிரித்தார்.

"பாரம் தோளோடு நின்றுவிடுவதில்லை. பாதத்துக்குத்தான் வந்து சேர்கிறது" என்ற மந்திரி, மற்ற மூன்று பல்லக்குக்காரர்களையும் உள்ளங்காலைக் காட்டச் சொன்னார். மூன்று பேருக்கும் குதிகாலில் வெடிப்பு, விரல் மேட்டில் புண். "நாலு பேரும் ஒரே இடம் பார்த்தா கத்தி வைத்துக்கொண்டார்கள்?"

"பிறகு யார்தான் செய்தது?"

"மகாராஜா ஒருதரம் இதில் நடந்து பார்க்க வேண்டும்."

ராஜா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். கணுக்கால் வரைக்கும் போனது. திரும்பித் தம் தடத்தைப் பார்த்தார். அப்புறம் அந்த நாலு பேரின் காலையும் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"நான்தானா" என்றார். "சரி, நடக்கிறேன்."

சபை கைதட்டக் காத்திருந்தது. திருமேனியாருக்கோ அந்தக் கால்கள் கண்ணை விட்டுப் போகவில்லை. பன்னிரண்டு வருஷம் பின்னால் நடந்தும் இன்றைக்குத்தான் அவற்றைப் பார்க்கிறார்.

"மகாராஜா, அந்த எடையை உங்கள் மேல் ஏற்றியவன் நான். நானும் நடக்க வேண்டும்."

ராஜா அவர் தோளில் கை வைத்தார். "உண்மையைச் சொன்னீர், மந்திரியாரே. இருவரும் நடப்போம். எடை எப்படியிருந்தாலும் வருஷத்துக்கு மூன்று மூட்டை கொடுக்கப்படும். அதில் ஒன்றை ராயர் தோளில் சுமந்து வரட்டும்." தம் காலிலிருந்த பொற்கழலைக் கழற்றி மந்திரிக்கு அணிவித்தார்.

அன்று சாயங்காலமே திருமேனியார் மாடக்கண்ணுவின் வீட்டுக்குப் போனார். உள்ளே வைத்தியர் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். புண் எலும்பு வரைக்கும் போய்விட்டது, இனி அந்தக் காலை ஊன்ற முடியாது, ஒரு வருஷம் முன்னால் பார்த்திருந்தால் சரிசெய்திருக்கலாம் என்றார்.

"ஏம்ப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சாமி சொல்றது? ராசா குண்டானாத்தானே எம் புள்ளைகளுக்கும் அரிசி கிடைச்சுது."

திருமேனியார் கழலைக் கழற்றினார். "இது உனக்குத்தான் வரவேண்டியது" என்று குனிந்து அவன் நல்ல காலில் போடப்போனார்.

மாடக்கண்ணு காலை மெதுவாக இழுத்துக்கொண்டான்.

"வேணாஞ் சாமி. எனக்கு இருக்கறது இந்த ஒரு காலு. இதுமேல எதையும் ஏத்தாதீங்க."